அலுவல் இல்லாமல் மட்டக்களப்புக்கு: பிள்ளைகளை வீட்டில் விட்டு இருவரும் ஒரு நாள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அங்கே போகாதவர்கள் நம் பக்கத்தில் யாரும் இல்லை. போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறோம், கலியாணச் சீலை எடுக்கப் போகிறோம், கொழும்பு ரயிலைப் பிடிக்கப் போகிறோம். போன அலுவல் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுகிறோம். கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு அலுவலும் இல்லாமல் புருசனும் பெண்சாதியும் மட்டும் அந்த டவுனில் ஒரு நாள் நடந்து திரிந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு.

முதன்முறையாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு பகல் வெளியே போக நினைக்கும், கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். தங்கத் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஆயத்தம் வேண்டும்.

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள்

எல்லோரும் சனி, ஞாயிறைத்தான் நினைப்பார்கள். நான் பாடசாலை நாளைத்தான் சொல்வேன். பிள்ளைகள் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலையில் இருப்பார்கள். பார்த்துக்கொள்பவருக்குப் பாதிப் பாரம் அங்கேயே குறைந்துவிடும். சனிக்கிழமையென்றால் ஒருவரை ரியூசனுக்கு ஏற்றி, மற்றவரைக் கூட்டிவந்து, நடுவில் சண்டை தீர்த்து, அம்மம்மா களைத்துப்போவார். வார நாளில் டவுனும் உயிரோடு இருக்கும், கடைகள் திறந்திருக்கும், கல்லடிக் கடற்கரையில் கூட்டம் இருக்காது. வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும். காய்ச்சலுக்கும் மரணவீட்டுக்கும் எடுக்கிற லீவில் ஒன்றை இதற்கும் எடுக்கலாம்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடியிலும் டவுனிலும் பல கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளி விரதம் பிடிப்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டின் பெரிய சந்தோசமும் போய்விடும். சின்னப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட மறுநாளும் வேண்டாம், காய்ச்சல் வரக்கூடும். மாதங்களில் பெப்ரவரியும் மார்ச்சும் நல்லவை: நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டுகிற மழை விட்டிருக்கும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் நடுப்பகலில் வெளியே நடக்கும் திட்டம் எதையும் வைக்க வேண்டாம்.

பிள்ளைகளை யாரிடம் விடுவது

நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மகளுக்குத்தான் வீடு கொடுக்கிறோம், மருமகன்தான் வந்து சேருகிறார். அதனால் அம்மம்மா பெரும்பாலும் அடுத்த வளவில் இருப்பார், இல்லாவிட்டால் அதே வீட்டின் பின்னறையில். ஆள் இல்லை என்பது நமக்குப் பெரிய பிரச்சினை அல்ல. கேட்பதற்கு வாய் வராததுதான் பிரச்சினை.

இங்கேதான் பலர் பொய் சொல்லுகிறார்கள். "பேங்க்ல ஒரு அலுவல்" என்றோ, "டொக்டரிட்டக் காட்டணும்" என்றோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். டொக்டர் என்று சொன்னால் அம்மா பகல் முழுக்க என்ன வருத்தமோ என்று யோசித்துக்கொண்டிருப்பார், மூன்று தரம் கோல் எடுப்பார். நீங்கள் கடற்கரையில் நிற்கும்போது இன்னொரு பொய்யும் சொல்லவேண்டி வரும். "என்ன அலுவலுக்குப் போறீங்க புள்ள?" என்று கேட்டால், "ஒரு அலுவலும் இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும் சும்மா போய்ட்டு வாறம்" என்று நேரே சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார். பிறகு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

அம்மாவுக்கு ஏலாதென்றால் மாமி, அக்கா, தங்கச்சி. சகோதரியோடு முறை வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விடச் சிறந்தது: இந்த மாதம் உங்கள் பிள்ளைகள் அவர் வீட்டில், அடுத்த மாதம் அவர் பிள்ளைகள் உங்கள் வீட்டில். மச்சான்மார், மச்சாள்மார் வயதொத்தவர்களாக இருந்தால் பிள்ளைகள் உங்களைத் தேடவே மாட்டார்கள்.

ஊர் பேசுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்க்கப்போகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர். உங்கள் இருவருக்கும் பேச்சு இருப்பது பிள்ளைகளுக்கும் தேவை. முக்கியமாக, வளைகுடாவில் வேலை செய்து லீவில் வருகிற கணவன்மாருக்கு இதைச் சொல்லுகிறேன். வந்த நாளிலிருந்து விருந்து, கோயில், வீட்டு வேலை, சொந்தக்காரர் என்று லீவு முடிந்துவிடுகிறது. மனைவியோடு தனியாக ஒரு பகல் இருந்தது நினைவிலேயே இல்லாமல் விமானம் ஏறுகிறீர்கள். லீவின் முதல் கிழமையிலேயே ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள், கடைசிக் கிழமையில் கிடைக்காது.

பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மாருக்கும் இந்த நாள் உரியது. ஒரு சிநேகிதியோடோ சகோதரியோடோ போங்கள். கீழே உள்ள எல்லாம் அப்படியே பொருந்தும்.

முதல் நாள் இரவு செய்ய வேண்டியவை

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் நித்திரையில் இருக்கும்போது களவாகக் கிளம்பிப் போவது மிகக் கெட்ட வழி. ஒரு தரம் அப்படிப் போனால், அடுத்த நாள் நீங்கள் குளிக்கப் போனாலும் அழுவார்கள். சின்னப் பிள்ளைக்கு மணிக்கணக்கு விளங்காது. "பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மம்மாட்டச் சாப்பிட்டு, விளையாடி, இருட்டினாப்பிறகு நாங்க வந்துடுவோம்" என்று நடக்கப்போவதை வரிசையாகச் சொன்னால் விளங்கும்.

பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்: இருவரின் போன் இலக்கம், பக்கத்து வீட்டில் வாகனம் உள்ளவரின் இலக்கம், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, காய்ச்சல் வந்தால் டொக்டர் சொன்ன மருந்தின் அளவு. 1990 என்பது இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம், அதையும் பெரிதாக எழுதுங்கள். கிளினிக் கொப்பியை எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். வயதானவர் மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் ஓட முடியாது, அதை மறக்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று விடிய நான்கு மணிக்கு எழும்ப வேண்டாம். ஒரு நாள் பிள்ளைகள் அம்மம்மா கறியோ கடைப் பார்சலோ சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. களைத்துப்போய் பஸ் ஏறினால் காத்தான்குடி வரும்போது தோளில் சாய்ந்து நித்திரைதான்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் முழுநாள் வேண்டாம். கல்லடியோடு நிறுத்தி, அரை நாளில் திரும்புங்கள்.

பயணம்

மோட்டார் சைக்கிள் இருந்தாலும் பஸ்ஸில் போங்கள். இரண்டு ஹெல்மெட், எதிர்க்காற்று, பின்னால் வரும் லொறி என்று மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் ஒரு வார்த்தை பேச முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், கையில் பிள்ளையும் இல்லை, பால் போத்தல் பையும் இல்லை.

கல்முனையிலிருந்து பகலில் அடிக்கடி பஸ் உண்டு, ஒன்றேகால் மணித்தியாலம் போல எடுக்கும். அக்கரைப்பற்றிலிருந்து வருகிறவர்கள் இன்னும் முக்கால் மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்பாறை நகரிலிருந்து சம்மாந்துறை வழியாகக் காரைதீவுச் சந்திக்கு வந்து மாறலாம். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு எட்டு மணி போல ஏறினால் ஒன்பதரைக்குள் டவுனில் நிற்பீர்கள்.

பஸ்ஸில் இடது பக்கம் இருங்கள். காலையில் வெயில் வலது பக்கத்தால்தான் அடிக்கும். மருதமுனை, பெரியநீலாவணை தாண்டிப் பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம் என்று வரும்போது பாலங்களுக்கு மேலால் வாவி விரியும். கிளினிக் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு போன நாட்களில் இந்தத் தண்ணீரை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். ஏறும்போதே கொண்டக்டரிடம் பின்னேரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை: புளியந்தீவு

இறங்கியதும் ஒரு பால்தேத்தண்ணியும் வடையும். அவசரப்பட வேண்டாம்.

வெயில் ஏறுவதற்கு முன் நடக்கிற வேலையை முடிக்க வேண்டும். புளியந்தீவு வாவிக்குள் இருக்கிற சின்னத் தீவு, பாலங்களால் இணைந்தது. பழைய டவுன் முழுவதும் கால்நடையாகப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. காந்தி பூங்காவில் தொடங்குங்கள். பக்கத்தில் மட்டக்களப்பு வாயில், அது படகில் வந்தவர்கள் கரையேறிய பழைய இறங்குதுறை. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மதபோதகர் வில்லியம் ஓல்ட்டின் சிலை அருகே நிற்கிறது. வந்து ஒரு வருடமாகுமுன்னே, 1815இல், அவர் இங்கேயே இறந்துபோனார். ஆனால் அவர் தொடக்கிய பாடசாலை மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது.

அங்கிருந்து கோட்டைக்கு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் வந்த கோட்டை இதுதான். திருகோணமலையும் காலியும் அதற்குப் பிறகுதான். அரச அலுவலக வேலையாகப் பலமுறை இதன் வாசலால் நுழைந்தவர்கள்கூட மதிலின் தடிப்பையும் மூலைக் கொத்தளங்களையும் கவனித்திருக்க மாட்டார்கள். வாவிப் பக்கம் நின்று தண்ணீரைப் பாருங்கள். கல் சூடேறுகிற இடம், குடை கட்டாயம்.

பிறகு நேரமிருந்தால் புனித மரியாள் பேராலயத்துக்குப் போங்கள். உள்ளே குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருக்கும், எந்தச் சமயத்தவரும் சற்று உட்கார்ந்து எழும்பலாம். பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஓட வேண்டாம். மாமாங்கேஸ்வரர் கோயிலையும் வெளிச்சவீட்டையும் கோட்டையையும் கல்லடியையும் ஒரே நாளில் அடைத்தால் அதுவும் ஒரு அலுவலாகிவிடும். 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீடு அழகான இடம், கண்டல் காடும் வாவி முகத்துவாரமும் அங்கே உண்டு. ஆனால் ஆட்டோ பிடித்துப் போய்வர நேரம் எடுக்கும். அதை இரண்டாம் முறைக்கு வைத்துவிடுங்கள்.

பேச்சு

முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவீர்கள். மகன் தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போனானா, மகள் கணக்குப் பாடத்தில் ஏன் குறைவு என்று. தடுக்க வேண்டாம், அது பேசித் தீர்ந்தால்தான் அடுத்தது வரும். பிறகு ஒரு மௌனம் வரும். பல வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பேச ஒன்றும் இல்லையோ என்று பயம் பிடிக்கும். அப்போது போனைக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு பேரும் எதையாவது பார்த்துக்கொண்டு நடங்கள். கலியாணத்துக்கு முன்னைய சிநேகிதர், படித்த பாடசாலை, கட்டி முடிக்காத அறை, விட்டுவிட்ட தையல் மெசின் என்று ஏதோ ஒன்று வந்து சேரும்.

கடன், மாமியார் மனஸ்தாபம், சீதனக் காணிப் பிரச்சினை ஆகிய மூன்றையும் அன்றைக்குத் தொடக்கூடாது என்று புறப்படும்போதே இருவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் பேச முடியாததை இங்கே பேசலாம் என்று தோன்றும். பேசினால் மிச்ச நாள் முழுவதும் முகம் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்.

போன் விசயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் வீடு வந்து சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு கோல், அதுவும் பார்த்துக்கொள்பவரோடு. வீடியோ கோல் வேண்டாம். சந்தோசமாக விளையாடுகிற பிள்ளை உங்கள் முகத்தைக் கண்டதும்தான் அழத் தொடங்கும். வீட்டிலிருந்து கோல் வந்தால் மட்டும் உடனே எடுங்கள்.

மதியம்

நண்டு சாப்பிடுங்கள். காரணத்தோடுதான் சொல்லுகிறேன். பிள்ளைகளோடு கடைக்குப் போனால் ஒருவர் முள் எடுத்துக் கொடுக்க, மற்றவர் தண்ணீர் பருக்க, கடைசியில் ஆறிப்போன சோற்றை இருவரும் அவசரமாக விழுங்குவோம். நண்டை உடைத்து, காலை உறிஞ்சி, ஓட்டில் ஒட்டிய குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட இரண்டு கையும் வேண்டும், நேரமும் வேண்டும். அன்றைக்கு இரண்டும் இருக்கிறது. வாவி இறாலும் நண்டும் நல்லாய்ச் சமைக்கிற சோற்றுக்கடைகள் டவுனில் உண்டு. பன்னிரண்டரைக்கே போனால் கறி எல்லாம் இருக்கும். சைவமென்றால் சைவக்கடைச் சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிரும் பாணியும். கழிவறை துப்புரவாக உள்ள கடையாகப் பார்த்துத் தெரிவு செய்வது பெண்களுக்கு முக்கியம், பின்னேரம் கடற்கரையில் அந்த வசதியைத் தேடித் திரிய முடியாது.

ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை வெயில் கடுமை. நிழல் பார்த்து ஒரு ஐஸ்கிறீம் கடையிலோ வாவியோர மரத்தடியிலோ இருங்கள். படம் ஓடினால் பார்க்கலாம், ஆனால் மூன்று மணித்தியாலம் இருட்டில் பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இந்த நேரத்தில்தான் துணிக்கடைக்குள் கால் இழுக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னச் சாமான் வாங்குங்கள், அதோடு வெளியே வந்துவிடுங்கள். கையிலே பணத்தை மூன்றாகப் பிரித்து வைப்பது உதவும்: போக்குவரத்து, சாப்பாடு, பிள்ளைகளுக்கான சாமான். மூன்றாவது முடிந்தால் கடை முடிந்தது.

பின்னேரம்: கல்லடி

டவுனிலிருந்து ஆட்டோவிலோ, கல்முனைப் பக்கம் வரும் பஸ்ஸிலோ கல்லடிக்கு வாருங்கள். இது வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருப்பதால் மறுபடி டவுனுக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் உப்போடை, சிவானந்த வித்தியாலய வளவில் உள்ள விபுலானந்த அடிகளின் சமாதி. 1892இல் நம் காரைதீவில் பிறந்தவர், 1947இல் மறைந்தபின் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். பாடசாலை விட்ட நேரம் என்பதால் ஆரவாரம் இராது. வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

நான்கரைக்குக் கடற்கரை. கிழக்குப் பார்த்த கடல், எனவே வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும், மணல் ஆறத் தொடங்கும். கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும். கரையோரம் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தில் 2004 ஆழிப்பேரலையில் சாய்ந்த கோபுரத்தைப் பார்ப்பீர்கள். அந்த நாளில் யாரையாவது இழந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. அங்கே சற்று நேரம் நிற்க நினைப்பவர்கள் நிற்கட்டும், மற்றவர் கூட நின்றால் போதும்.

ஐந்தே முக்காலுக்குக் கல்லடிப் பாலம். ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று பெயரிட்ட பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலம். கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் மறைவதை வாவிப் பக்கம்தான் பார்க்க முடியும். அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பாடுமீன் சத்தம் கேட்டதாகச் சொல்லும் இடமும் இதுவே. 1848இல் இங்கு வந்த ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஓசையைத் தான் கேட்டதாக எழுதிவைத்தார், மீனவர்கள் அது ஊரி என்ற ஓட்டு உயிரியின் சத்தம் என்று அவரிடம் சொன்னார்கள். பௌர்ணமிக் காலத்து அமைதியான இரவில் படகில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அது இரவு தங்குகிறவர்களுக்கான அலுவல். நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

திரும்பும்போது

ஏழு மணிக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும், ஆறரைக்குள் கல்லடி பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். பஸ் டவுனிலிருந்து நிறைந்து வரும். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் ஆட்கள் இறங்குவார்கள், அதுவரை நின்றால் போதும். தயிர்ச் சட்டி வாங்குவதென்றால் இப்போதுதான் வாங்க வேண்டும். காலையில் வாங்கினால் நாள் முழுக்க அதைக் காவித் திரிய வேண்டும். ஒரு சட்டி பார்த்துக்கொண்டவருக்கு, தனியாக.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் என்ன குழப்படி செய்தார்கள் என்ற முறைப்பாடு வரும். கேட்டுக்கொள்ளுங்கள், யாரையும் அன்றிரவு கண்டிக்க வேண்டாம். நித்திரையாகிவிட்ட பிள்ளையைச் சாமான் காட்ட எழுப்பவும் வேண்டாம், விடியட்டும்.

மறுநாளே இரண்டு திகதிகளைக் கலண்டரில் குறியுங்கள். ஒன்று உங்கள் அடுத்த முறைக்கு, வெளிச்சவீட்டுக்கு. மற்றது பார்த்துக்கொண்டவருக்கு. தங்கச்சியென்றால் அன்றைக்கு அவர் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. அம்மாவென்றால், பேரப்பிள்ளைகளையும் அடுப்பையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அவரையும் மாமாங்கத்துக்கோ அவர் போக விரும்புகிற இடத்துக்கோ அனுப்பிவையுங்கள். காலையிலேயே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இடது பக்கச் சீற்றைப் பிடித்துக் கொடுங்கள்.